ஹீரோவுக்கு ஒரு வயது கூட்டுங்கள்

கேள்வி: இளையோருக்காக ஒரு த்ரில்லர் எழுதுகிறேன். பெற்றோர் இல்லாத 15 வயதுப் பையன்மேல் செய்யாத கொலைப்பழி. 11 வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறான். டிவியில் அவன் போட்டோ ஓடுகிறது; பிடிபட்டால் லாக்கப். ஆனாலும் விறுவிறுப்பே இல்லை என்கிறாள் தோழி. கடைசியில் ஒரு பைக் துரத்தல் இருக்கிறது. இன்னும் இரண்டு சேர்க்கட்டுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். முதலில் அவனுக்கு 16 வயதாக்குங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 நிரம்பாதவர் கொலையே செய்திருந்தாலும் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம்தான் (தவறு செய்த சிறார்களைச் சிறைக்குப் பதில் வைக்கும் இடம்). 16 நிரம்பிவிட்டால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் பரிசீலிக்கும். சம்பவம் நடந்த தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. அந்தக் கொலை அவன் பிறந்தநாளுக்கு மறுநாள் நடக்கட்டுமே!

அப்புறம், சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழுமத்தின் அனுமதி இல்லாமல் ஊடகத்தில் அவன் முகத்தைக் காட்டுவதும் குற்றம். நிஜத்தில் யாரும் மீறுவதில்லையா என்பீர்கள். மீறுவார்கள்தான். அந்த ஆள் யாரென்று காட்டுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோவைத் தட்டிவிடும் பக்கத்து வீட்டுக்காரர், டிவியைவிடப் பயங்கரமானவர்.

சரி, அவன் ஏன் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு போன் போடவில்லை? உங்கள் கதையில் இதற்குப் பதிலே இல்லை. கோளாறு இங்கேதான். பிடிபட்டால் அவன், வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு, தங்கை குழந்தைகள் நலக் குழு வழியாகப் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு. தன்னைவிட்டால் அவளுக்கு யாருமில்லை என்று நினைப்பவன் எப்படி போன் போடுவான்? அந்த நினைப்பு சரியா தவறா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவன் நம்பினால் போதும்.

இனி துரத்தவே ஆள் தேவையில்லை. இரவு இரண்டு மணி, சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட். தங்கைக்கு அவசரம். பெண்கள் கழிப்பறைக்குள் அவன் போக முடியாது. வாசலிலேயே நின்றால் நாலு பேர் முறைப்பார்கள், தள்ளி நின்றால் அவள் வெளியே வருவது தெரியாது. காசு வாங்கும் அம்மா, "கூட பெரியவங்க யாரும் வரலையா?" என்கிறார். ஒரு அத்தியாயம் முழுக்க இதை எழுதலாம்.

அந்த ஒரு பைக் துரத்தலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி யாருடையது, அவன் எப்போது ஓட்டக் கற்றான் என்பதை முன்னாலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.