கணக்குப் போட்டது யார்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் 600க்கு 572 வாங்கியிருக்கிறாள், கணிதம் 96, இயற்பியல் 94, வேதியியல் 92. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில்தான் படித்தாள். கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கேட்கிறாள். கட்-ஆஃப் 189 என்கிறாள், எனக்கு விளங்கவில்லை. கவுன்சலிங்கிற்கு என் செல்போன் எண்ணில் பதிவு செய்து, கடவுச்சொல்லையும் நானே வைத்திருக்கிறேன், அவளுக்கு இதெல்லாம் புரியாது. வியாபாரத்துக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பேன். பணம் கட்டியாவது கிண்டியில் இடம் வாங்க வழி உண்டா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: வழி இல்லை. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரி. அங்கே நிர்வாக ஒதுக்கீடு என்ற ஒன்றே கிடையாது. இடம் வாங்கித் தருவதாக யாராவது முன்பணம் கேட்டால், அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. "189 என்கிறாள்" என்று எழுதிவிட்டு, சற்றுத் தள்ளி "அவளுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறீர்கள். கணித மதிப்பெண் முழுதாக 96, இயற்பியலில் பாதி 47, வேதியியலில் பாதி 46. கூட்டினால் 200க்கு 189, அதுதான் கட்-ஆஃப். தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கிலேயே வராது என்பதால், நீங்கள் பெருமையோடு முதலில் எழுதிய 572க்கு இந்தக் கட்-ஆஃபில் வேலையே இல்லை. உங்கள் வீட்டில் இந்த விதி புரிந்திருக்கும் ஒரே ஆளைத்தான் புரியாதவள் என்கிறீர்கள். ஆண்டுதோறும் இப்படிப்பட்ட அப்பாக்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, எனக்கு அலுத்துவிட்டது.

புரியாதது எது என்று நான் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டுமன்று, 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவில் கிண்டியின் கணினி அறிவியல் 200ஐ ஒட்டியே முடிந்துவிடும். 189க்கு அங்கே நம்பிக்கை வைக்க முடியாது. இந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான், அதற்குள்ளும் சாதிவாரிப் பிரிவுகள் உண்டு. சென்ற ஆண்டுகளில் எந்தப் பிரிவுக்கு, எந்தப் பாடத்துக்கு எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதை அவளையே பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லாத இந்த ஒதுக்கீட்டை விண்ணப்பத்தில் குறித்தீர்களா என்பதே என் கவலை.

விருப்பப் பட்டியலையும் நீங்களே நிரப்புவீர்கள் என்று ஊகிக்கிறேன். அது மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெண் பிள்ளை, சென்னை தூரம் என்று உள்ளூர்க் கல்லூரியை முதலில் போட்டால், கிண்டியை அவளிடமிருந்து பறித்தது நீங்கள்தான், மதிப்பெண் அல்ல. ஒதுக்கீட்டு ஆணை வரும் நாளில் நீங்கள் சிக்னல் இல்லாத ஊரில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தால், குறித்த கெடுவுக்குள் யார் உறுதி செய்வது? கெடு தாண்டினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தகப்பனின் கடமை பிள்ளைக்காகக் காலில் செருப்புத் தேய அலைவது. அவளுக்குப் பதிலாக முடிவெடுப்பதை நான் கடமையில் சேர்க்க மாட்டேன். கடவுச்சொல்லை இன்றிரவே அவளிடம் கொடுத்துவிடுங்கள், அந்த எண் உள்ள செல்போனையும் கவுன்சலிங் முடியும்வரை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பிறகு பள்ளிக்குப் போய், 6 முதல் 12 வரை அங்கே படித்தாள் என்பதற்குத் தலைமையாசிரியரிடம் சான்று வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.