கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு வீக்கம்) கட்டியிருக்கிறது, சளிப் பரிசோதனை நெகட்டிவ். காசநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. சளியில் தேடினால் நுரையீரலில் இருப்பதுதான் அகப்படும். நெறியில் இருக்கும் கிருமியை நெறியில்தான் தேட வேண்டும்.

எங்கள் மதினிக்கும் இதே கதைதான். நாங்கள் புளியரைக்காரர்கள். மதினிக்குப் பிறந்த வீடு கேரளத்தில் புனலூர் பக்கம் என்பதால் ஆரியங்காவு தாண்டி அங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ‘கழலை’ என்றார். நமக்குக் கழலை என்றால் கொழுப்புக் கட்டி. மலையாளத்தில் நெறி கட்டினாலும் கழலைதான் என்பது தெரியாமல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம்!

நெறியை அறுத்தெடுத்து, மொத்தத்தையும் பார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டு பயாப்சிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்க, அனுப்பிவிட்டார்கள். ‘கிரானுலோமா (செல்கள் கூடிக் கட்டிய முடிச்சு), காசநோயாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நம் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “சிபிநாட்டுக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தார்களா?” சிபிநாட் என்பது கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை. எங்கே வைத்தார்கள்? பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கல்ச்சரில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) எதுவும் வளராது, சிபிநாட்டுக்கும் அது ஒத்துவராது. நல்லவேளை, பக்கத்திலேயே இன்னொரு நெறி இருந்தது. அதில் ஊசி போட்டுச் சீழ் எடுத்தார்கள். சிபிநாட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். மதினிக்கு இருந்தது, அடங்கும் ரகம். கல்ச்சர் என்றால் ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே ஊசியோ கத்தியோ வைக்கும் முன்பே, “ஒரு பங்கு பார்மலினில், ஒரு பங்கு நார்மல் சலைனில் (உப்பு நீரில்) போடுங்கள்” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இன்னொரு முறை குத்து வாங்குவதற்கு அது தேவலை.

சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் உடனே கைகழுவிவிடக் கூடாது. நெறியில் கிருமி குறைவாகத்தான் இருக்கும், சில சமயம் அகப்படாது. பயாப்சி, கல்ச்சர், ஆளின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் சிபிநாட் இன்னும் அதிகமாகத் தவறவிடும், அதனால் அந்த நீரில் ஏடிஏ என்ற என்சைமின் அளவையும் பார்ப்பார்கள்.

காசநோய்க்காகக் கையில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி, போட்ட இடத்தில் வீங்கினால், கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். இப்போது நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வீங்கும். ரத்தத்தில் டிபி ஐஜிஜி, ஐஜிஎம் (எதிர்ப்பொருள்) பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதை 2012-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

மார்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? நெறியோடு நுரையீரலிலும் இருப்பதுண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.