பச்சை விளக்கு எரிகிறது, பதிவு ஏறவில்லை

கேள்வி: அலுவலக மடிக்கணினிகளின் பதிவேட்டை ஸ்னைப்-ஐடி மென்பொருளில் பராமரிக்கிறோம். புதியவர் பணியில் சேர்ந்தவுடன் அவர் பெயருக்கு ஒரு கணினி தானாகவே ஒதுக்கப்படும்படி, மென்பொருள்களை இணைத்து வேலைகளைத் தானியங்கச் செய்யும் என்8என் கருவியை அதனுடன் இணைத்தேன். ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே காட்டுகிறது. பதிவேட்டிலோ சில கணினிகள் யார் பெயரிலும் ஏறவில்லை. பிழை எங்கே?

பதில்: இணைப்பில் பிழை இல்லை, வெற்றியை எதைக் கொண்டு கணிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒதுக்கீட்டை மறுக்கும்போதும் ஸ்னைப்-ஐடி பெரும்பாலும் 200 என்ற குறியீட்டையே (கோரிக்கை வெற்றி என்பதற்கான இணையக் குறியீடு) அனுப்பிவிட்டு, மறுப்பைப் பதிலின் உள்ளே, ‘ஸ்டேட்டஸ்’ என்னும் புலத்தில் ‘எரர்’ என்று எழுதிவைக்கிறது. (இந்த வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.) 200-ஐ மட்டும் பார்க்கும் என்8என் பச்சை நிறம் காட்டி நகர்ந்துவிடும். ஆகவே, கோரிக்கைக்கு அடுத்த படியாக நிபந்தனையைச் சோதித்து வழி பிரிக்கும் ‘இஃப்’ முனை ஒன்றை வைத்து, அந்தப் புலத்தைச் சோதித்து, மறுப்பு வந்தால் அதன் செய்தியை உங்களுக்கு அனுப்பச் செய்யுங்கள்.

மறுப்புக்கான காரணத்தை அச்செய்தியே சொல்லிவிடும். பழுதுபார்ப்பில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட கணினியை ஒதுக்க இயலாது. மேலும், ஒதுக்கீட்டுக் கோரிக்கை செல்லும் இணைய முகவரியில் இடவேண்டியது கணினியின் உள் அடையாள எண்ணே. மேலே ஒட்டியிருக்கும் வில்லையின் எண்ணை இட்டால், அது தற்செயலாக வேறொரு கணினியின் உள் எண்ணாக அமைந்து, தவறான கணினி ஒதுக்கப்படவும் கூடும். வில்லை எண்தான் கையில் இருக்கிறதென்றால், முதலில் அதைக் கொண்டு தேடி உள் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்னைப்-ஐடியை அணுக என்8என் பயன்படுத்தும் டோக்கனை (அனுமதிச் சாவியை) நிர்வாகியின் கணக்கில் உருவாக்காமல், ஒதுக்கும் உரிமையும் பார்க்கும் உரிமையும் டோக்கன் உருவாக்கும் உரிமையும் மட்டுமே கொண்ட தனிக் கணக்கில் உருவாக்குங்கள்.