தேரூர்க் குளத்து நாரைக்கு ஏற்ற கேமரா எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். காலை நடைக்குப் போகும்போது தேரூர்க் குளக்கரையில் பறவைகளைப் படம் எடுக்க விரும்புகிறேன். தோள்வலி இருப்பதால் லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா வேண்டாம். நாகர்கோவில் கடைக்காரர் 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி950-ஐக் காட்டுகிறார். என் மருமகன் 25 மடங்கு மட்டுமே உள்ள சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ஐச் சொல்கிறார். விலை கூடியதில் ஜூம் குறைவாக இருப்பது ஏன்? எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், சுசீந்திரம்

பதில்: பி950-இன் 83 மடங்கு ஜூம், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 2000 மி.மீ. லென்ஸ் தரும் வீச்சுக்கு இணை; சோனியின் 25 மடங்கு 600 மி.மீ.க்கு இணை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் 2000 மி.மீ.க்கு இணையான வீச்சைக் கொண்டுவர வேண்டுமானால், படம் பதியும் சென்சாரைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். பி950-இன் சென்சார் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; ஆர்எக்ஸ்10-இல் அது 116 சதுர மி.மீ. நான்கு மடங்கு பெரிய அந்தச் சென்சாரை நிறைக்கும் லென்ஸ் 600 மி.மீ. வீச்சிலேயே பருத்துவிடுவதால், அதற்கு மேல் நீட்டினால் கேமரா கையில் நிற்காது.

பெரிய சென்சாரே எப்போதும் மேல் என்று பலரும் சொல்வார்கள். உங்கள் குளத்தை வைத்துப் பார்த்தால் அது முழு உண்மையன்று. கரையிலிருந்து 60 மீட்டர் தொலைவில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது என்று கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பி950-ஐ முழுவதும் நீட்டினால் படத்தின் அகலமே ஒரு மீட்டர்தான். நாரை சட்டத்தை நிறைத்துவிடும். ஆர்எக்ஸ்10-இல் அதே இடம் 3.6 மீட்டர் அகலமாகத் தெரியும். நாரையை வெட்டி எடுத்தால் உயரத்தில் ஏறத்தாழ 1500 புள்ளிகள் கிடைக்கும். அஞ்சலட்டை அளவில் அச்சிட அது போதும். சுவரில் மாட்டப் போதாது. சரி, வெளிச்சம்? முழு ஜூமில் பி950-இன் துளை எஃப் 6.5, சோனியின் துளை எஃப் 4 (எண் சிறிதானால் துளை பெரிது) என்பதால் சோனி வெகுவாக முந்துவதுபோலத் தோன்றும். ஆனால் லென்சின் உண்மையான குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 357-ஐ 6.5-ஆல் வகுத்தாலும், 220-ஐ 4-ஆல் வகுத்தாலும் 55 மி.மீ.தான் வருகிறது. ஒளி நுழையும் துளையின் அகலம் அதுதான். தொலைவில் நிற்கும் நாரையிடமிருந்து இரண்டு கேமராக்களும் திரட்டும் ஒளி ஏறக்குறைய ஒன்றே. பெரிய சென்சாரின் ஆதாயம், பறவை கிட்டே வந்து 600 மி.மீ.யிலேயே சட்டத்தை நிறைக்கும்போதுதான் முழுமையாகக் கைக்கு வருகிறது.

பறக்கும் பறவை என்றால் கணக்கு மாறிவிடும். சோனியின் ஆட்டோஃபோகஸ் மிக விரைவானது. நொடிக்கு 24 படங்கள் வரை எடுத்துக்கொண்டே பறவையைப் பின்தொடரும். மணக்குடிக் காயலில் ஆலாப் பறவை மீனுக்குப் பாய்வதை எடுக்க வேண்டுமானால் நான் தயங்காமல் அதையே சொல்வேன். பி950 அந்த இடத்தில் திணறும்.

நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் குளத்து நடுவில் நிற்கும் பறவைகளை என்பதால், என் வாக்கு கடைக்காரருக்கே. ஆனால் வெயில் ஏறிய பிறகு நீட்டிய ஜூமால் பயன் இல்லை. நீர்ப்பரப்பின்மேல் காற்று கானலாய் நெளிந்து, நாரையின் கழுத்து தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் அலையும். எந்த விலைக் கேமராவும் அதைச் சரிசெய்யாது. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள். பி950-இன் லென்ஸ் குழலின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. பறவை சட்டத்தை விட்டுத் தப்பினால் அதை அழுத்திப் பிடியுங்கள், காட்சி விரியும். பறவையை நடுவில் வைத்து விட்டுவிட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். எடையில் பி950-இன் 1005 கிராமுக்கும் சோனியின் 1095 கிராமுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே கடையிலேயே பத்து நிமிடம் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: அண்ணனின் வள்ளத்தில் கடலுக்குப் போகும்போது படம் எடுக்க, நீர்புகாக் கேமரா வாங்கலாமா?
– ஒரு வாசகர், முட்டம்

பதில்: வாங்கலாம், கடலுக்கு அதுதான் சரி. முட்டத்துப் பாறைகளருகே ஒரு மாலை முழுதும் சாதாரண ஜூம் கேமராவை நீட்டியும் சுருக்கியும் எடுத்துவிட்டு, மறுநாள் அதை இயக்கியபோது குழலுக்குள் மணல் நறநறவென்று அரைபட்ட ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. நீளும் குழல் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அதோடு உப்பும் மணலும் போகும். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்றவற்றில் லென்ஸ் வெளியே நீளாமல் உடலுக்குள்ளேயே நகர்கிறது. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அதற்கு விலையாக ஜூம் நான்கு மடங்கோடு நின்றுவிடும். சென்சாரும் சிறியது என்பதால் விடியலுக்கு முந்தைய இருட்டில் படம் சொரசொரப்பாகத்தான் வரும். கரை சேர்ந்ததும் கேமராவின் கதவுகளைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிடுங்கள். உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் உப்புப் படிகங்கள் கண்ணாடியைக் கீறும். பேட்டரிக் கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகும். கேமரா மிதக்காது, மிதவைப் பட்டையையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாடுகளை ஆவணப்படுத்தும் கட்டடக்கலை மாணவி நான். ஜூமே இல்லாத ரிக்கோ ஜிஆர் 3 போதுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: போதும். மரச் சட்டங்களின் இடைவெளியில் கசியும் ஒளி மட்டுமே உள்ள கூடங்களில், பி950-ஐக் காட்டிலும் 13 மடங்கு பெரிய அதன் சென்சாரும் நடுக்கம் தாங்கும் அமைப்பும் துணைநிற்கும். 257 கிராம்தான் எடை. உயரத்து உத்தரத்தின் செதுக்கலை ஜூம் செய்து கிட்டே இழுத்து எடுக்க மட்டும் வழியில்லை. பேட்டரி ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 படங்களே தரும் என்பதால், இரண்டு உதிரிகளுடன் போங்கள்.