டலிச் ஹேம்லட்டும் அதன் மைதானமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனின் சிறு கால்பந்து கிளப்கள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் டலிச் ஹேம்லட் என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்தேன். 1893-ல் தொடங்கிய கிளப். ஆனால் 2018-ல் அவர்களுடைய மைதானத்தின் கதவை அவர்களுக்கே அடைத்துவிட்டார்கள். கிளப்பின் பெயரைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று வக்கீல் கடிதம் போனதாம். நூறு வருடம் தாண்டிய ஒரு கிளப்புக்கு இது எப்படி நடக்கும்? சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

இன்னொரு சந்தேகம். 1948 ஒலிம்பிக்கில் நம் அணி வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடியது இதே மைதானத்தில்தானா?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஒலிம்பிக் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்தியா–பிரான்ஸ் ஆட்டம் நடந்தது இல்ஃபோர்டில், 1948 ஜூலை 31 அன்று. அது லண்டனின் கிழக்குப் பக்கம். ஹேம்லட்டின் சாம்பியன் ஹில் மைதானம் இருப்பது தெற்கு லண்டனில். பிரான்ஸ் 2–1 என்று வென்றது. நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டிகளை இந்தியா தவறவிட்டது. வெறுங்கால் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆட்டம் கைநழுவியது அங்கேதான். சாம்பியன் ஹில்லில் நடந்தது தென் கொரியா–மெக்சிகோ ஆட்டம். கொரியா 5–3 என்று வென்றது. கொரியக் குடியரசு முறைப்படி அறிவிக்கப்பட்டதே அந்த ஆகஸ்டின் நடுவில்தான்.

ஒலிம்பிக் ஆட்டங்கள் இப்படிப்பட்ட மைதானங்களுக்கு வந்ததில் வியப்பு இல்லை. அன்று அமெச்சூர் கிளப்களின், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களின் கிளப்களின், மைதானங்கள் சிறியவை அல்ல. டலிச் ஹேம்லட் 1920, 1932, 1934, 1937 என நான்கு முறை அமெச்சூர் கோப்பையை வென்ற அணி. 1931-ல் கட்டிய புதிய அரங்கோடு மைதானம் சுமார் 30,000 பேர் கொள்ளும் என்றார்கள். 1933-ல் கிங்ஸ்டோனியனும் ஸ்டாக்டனும் மோதிய அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தை அங்கே 20,744 பேர் பார்த்தார்கள். ஹேம்லட்டுக்காக 427 கோல் அடித்த எட்கர் கெயில் 1929-ல் இங்கிலாந்தின் முழு தேசிய அணிக்கு மூன்று ஆட்டங்கள் ஆடினார். பாரிஸில் பிரான்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டில். இங்கிலாந்து 4–3 என்று ஸ்பெயினிடம் தோற்றது. பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை. பெரிய கிளப்கள் கூப்பிட்டும் கெயில் போகவில்லை. இன்று மைதானத்துக்குப் போகும் பாதைக்கு அவர் பெயர்தான்.

இவ்வளவு பெரிய மைதானமே பிறகு கிளப்பின் கழுத்தைப் பிடித்தது. 1974-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையை நீக்கியது. அமெச்சூர் கோப்பையும் அந்த ஆண்டோடு முடிந்தது. கூட்டம் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. நுழைவுக் கட்டணம் நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து வருகிறது, பராமரிப்பு மட்டும் முப்பதாயிரம் பேருக்கான அரங்குக்கு என்றால் எந்தக் கணக்கும் நிற்காது. 1985-ல் பிராட்ஃபோர்ட் மைதானத்தின் மர அரங்கு தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1987-ல் வந்த சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் கூரையுள்ள அரங்குகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. பழைய அரங்கைப் புது விதிக்கு ஏற்ப மாற்றக் கையில் பணம் இல்லாத கிளப்புக்கு ஒரே வழி, நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியில் சிறிதாகக் கட்டிக்கொள்வது. சாம்பியன் ஹில்லில் நடந்ததும் அதுதான். ஒரு பக்கம் செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட் எழுந்தது. மறுபக்கம் சுமார் 3,000 பேர் கொள்ளும் புதிய மைதானம் 1992-ல் திறந்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. 2018-ல் அந்த நிலம் கிளப்புக்குச் சொந்தமாக இல்லை. இங்கிலாந்தில் ஒரு கிளப் மைதானத்தில் ஆட மூன்று வகையான பிடிமானம் உண்டு. நிலமே கிளப்புடையதாக இருக்கலாம். கடனுக்கு அடமானம் வைக்காதவரை கவலை இல்லை. நீண்டகாலக் குத்தகை இருக்கலாம். வணிகக் குத்தகைகளுக்கான 1954-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதவரை, காலம் முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்கலாம். மூன்றாவது வெறும் அனுமதி. நில உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். புதுப்பிக்கும் உரிமை கிடையாது. கிளப்பின் வயது நூறா ஐந்தா என்பது இதில் கணக்கே இல்லை.

ஹேம்லட்டின் கையில் கடைசியில் மிஞ்சியது இந்த மூன்றாவதுதான். 2014-ல் நிலம் கட்டுமானத் துறையினரிடம் போனது. மெடோ ரெசிடென்ஷியல் என்ற நிறுவனம் கிளப்பின் அன்றாடச் செலவையும் தாங்கியது. அதன் திட்டம்: இருக்கும் மைதானத்தில் வீடுகள், பக்கத்தில் இருக்கும் கிரீன் டேல் திடலில் கிளப்புக்குப் புதிய மைதானம். கிரீன் டேலோ அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான சதர்க் கவுன்சிலின் நிலம். கட்டடம் எழுப்பக் கடுமையான தடை உள்ள திறந்தவெளி. அது கிடைக்காவிட்டால் புதிய மைதானம் இல்லை. புதிய மைதானம் இல்லாமல் பழையதில் வீடு கட்ட ஒப்புதல் கிடைக்காது. அந்தக் கண்ணியில் திட்டம் சிக்கியது. கிளப்புக்கான பண உதவி நின்றது. 2018 மார்ச்சில் அனுமதி ரத்தானது. நீங்கள் குறிப்பிடும் வக்கீல் கடிதமும் அப்போதுதான் வந்தது. கிளப்பின் பெயர், அதன் செல்லப்பெயர், முதலெழுத்துகள் மூன்றும் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே நிலத்தைச் சார்ந்த ஒரு கம்பெனியின் பெயரில் வணிக முத்திரையாகப் பதிவாகியிருந்தன. யார் முதலில் விண்ணப்பிக்கிறார்களோ அவர்கள் பெயரில் பதிவாகிவிடும். ஆட்சேபிக்கும் கால வரம்பைக் கவனிக்கச் சிறு கிளப்களில் ஆள் கிடையாது. நிர்வாகம் எல்லாம் தன்னார்வலர்கள்தான்.

மைதானம் போனால் என்னென்ன போகும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. முதலில் பார் வருமானம். கால்பந்து மைதானத்தில் ஆடுகளம் தெரியும் இடத்தில் நின்று மது அருந்துவதைத் தடுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து லீக் அடுக்கின் மேல் ஐந்து நிலைகளுக்கு மட்டும் பொருந்தும். ஆறாவது நிலையிலும் அதற்குக் கீழேயும் மதுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். இந்த நிலைக் கிளப்களுக்கு இது பெரிய வருவாய். வேறொரு கிளப்பின் மைதானத்தில் ஆடினால் அந்தப் பணம் அவர்களுக்குப் போய்விடும். மேலே வாடகையும் கொடுக்க வேண்டும். அடுத்தது தகுதி. மேலே ஏறும் கிளப்பின் மைதானம் மார்ச் 31-க்குள் அடுத்த நிலைக்கான தரச் சோதனையில் தேற வேண்டும். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பி பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 1.83 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது வரை அளவு உண்டு. நிலத்தின் மேல் உறுதியான பிடிமானமும் காட்ட வேண்டும், அல்லது முறையான பகிர்வு ஒப்பந்தம் வேண்டும். மூன்றாவது, நடந்தே வரும் கூட்டம். ஈஸ்ட் டலிச் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருந்த ஆட்டம் டூட்டிங் அண்ட் மிச்சம் என்ற வேறொரு கிளப்பின் இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானத்துக்குப் போனது.

அந்த நிலையிலும் அணி அந்த மே மாதம் தான் ஆடிவந்த இஸ்மியன் லீக்கிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறியது. பிளே-ஆஃப் இறுதியில் பெனால்டியில் வீழ்ந்தது ஹெண்டன். 2008-ல் தன் கிளேர்மான்ட் ரோடு மைதானத்தை விட்டு வெளியேறிய கிளப் அது. லண்டனில் இப்படி மைதானத்தை இழந்த கிளப்களின் பட்டியல் நீளமானது. வீல்ட்ஸ்டோனின் லோயர் மீட் 1991-ல் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டுக்காகப் போனது. என்ஃபீல்டின் சவுத்பரி ரோடு 1999-ல் போனது. ரசிகர்கள் 2001-ல் தாங்களே என்ஃபீல்ட் டவுன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். இல்ஃபோர்ட் கிளப் 1970-களின் இறுதியில் மைதானத்தை விற்றுவிட்டு லேட்டன்ஸ்டோனோடு இணைந்தது. இணைப்பின் மேல் இணைப்பாகி அது இன்று டேகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ்.

ஹேம்லட் திரும்பி வந்தது எப்படி? ரசிகர் அறக்கட்டளை விடவில்லை, கவுன்சில் நிலத்தை வாங்கவே தயார் என்றது, தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுப்பினார். 2018 டிசம்பர் 26 அன்று மறுபடி சாம்பியன் ஹில்லில் ஆட்டம். 2011-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகச் சொத்துப் பட்டியலில் இருந்ததால்தான் மைதானம் தப்பியது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியல் தருவது அவகாசம் மட்டும்: உரிமையாளர் விற்க நினைத்தால் ஆறு வாரத்துக்குள் சமூக அமைப்பு விருப்பம் தெரிவிக்கலாம், தெரிவித்தால் விற்பனை ஆறு மாதம் நிற்கும். அந்த அமைப்புக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகைதாரரை வெளியேற்றுவதை அது தொடுவதே இல்லை. கிளப்பைக் காத்தது கிரீன் டேல் கவுன்சிலின் கையில் இருந்ததுதான். நில உரிமையாளருக்குத் தேவையான ஒன்று பொதுத்துறையிடம் இருந்தது. அதனால் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

219 வீடுகளும் கிரீன் டேல் பக்கம் புதிய மைதானமும் கொண்ட திட்டத்துக்கு 2020-ல் கவுன்சில் ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட ஒப்புதலைப் படிக்கும்போது வரைபடத்தில் எத்தனை இருக்கை என்று பார்ப்பதைவிட மூன்று இடங்களைப் பாருங்கள்: புதிய மைதானத்தின் குத்தகை எத்தனை ஆண்டு, பார் வருமானம் யாருக்கு, புதிய மைதானம் முடிந்து தரச் சோதனையில் தேறும் முன் பழையதை இடிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் கிளப் மறுபடியும் வேறொருவர் மைதானத்தில்தான் ஆட வேண்டியிருக்கும்.