கடைசி ஆபரேஷன் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பதினான்கு மாதங்களுக்கு முன் அவள் முகத்தில் ஆசிட் வீசினார்கள். நான்கு ஆபரேஷன்கள் முடிந்துவிட்டன. ‘முகம் சரியான பிறகுதான் வெளியே வருவேன்’ என்கிறாள். அம்மா பீரோ கண்ணாடியைப் பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறார். வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அவளுக்கு வலது கண் மூடாது. இன்னும் எத்தனை ஆபரேஷன் தேவைப்படும்?

பதில்: அந்த எண்ணிக்கையை இப்போதே உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. தழும்பு முதிர்வதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சிவந்து, தடித்து, அரிக்கிற தழும்பு இன்னும் அடங்கவில்லை என்று பொருள். தோற்றத்துக்காக அதில் அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் மறுபடியும் தடிக்கக்கூடும் என்பதால்தான் மருத்துவர் பொறுக்கச் சொல்கிறார். சிலிக்கான் ஷீட், நாளில் ஏறக்குறைய 23 மணி நேரம் அணியும் அழுத்த முகமூடி, மசாஜ், வெயில் படாத பாதுகாப்பு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் வரை விடாமல் செய்ய வேண்டும்.

பொறுக்கக் கூடாதது கண். இமை மூடாவிட்டால் கருவிழி வறண்டு புண்ணாகி, பார்வையே போகலாம். இமை ஆபரேஷன் குறித்து இந்த வாரமே கண் மருத்துவரையும் பிளாஸ்டிக் சர்ஜனையும் பாருங்கள். அதுவரை சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் தவறக் கூடாது. கழுத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதும் வாய் திறக்க முடியாமல் போவதும் இதேபோல் தள்ளிப்போடக் கூடாதவை.

முகம் ‘பழையபடி’ ஆகாது என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். அசையும், மூடும், சாப்பிடும், பேசும் முகம் கிடைக்கும்; தழும்பு மங்கும், மறையாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அடுத்த ஆபரேஷனுக்காக வாழ்க்கையை நிறுத்தி வைக்கிறார்கள். என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண் முதலில் வெளியே போனது, காலை ஆறு மணிக்குத் தெருமுனைப் பூக்காரம்மாவிடம். ‘ஆசிட் பட்டது, வைத்தியம் நடக்குது, ரெண்டு முழம் குடுங்க’ என்று வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழகியிருந்தார். கேள்விக்குச் சுருக்கமான பதிலும் உடனே வேறு பேச்சும் கையில் இருந்தால் பயம் பாதி குறையும். தூக்கமின்மையோ வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சோ இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, மறுசீரமைப்பு அறுவை உட்பட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. முதலில் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். முகம் சிதைந்த பெண்களுக்கு தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் 7 முதல் 8 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு குறிப்பிடுகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் வழி உண்டு. கண் சிமிட்டும் சோதனையைச் செய்ய முடியாதவர்களுக்கு மாற்று வழி தர வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கண்ணாடியை மூடிய புடவையை எப்போது எடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேள்விகளை அவளே எழுதி வந்து கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.