வண்ணம் இழந்த வான்கோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவைப் பற்றிய 'லவிங் வின்சென்ட்' படத்தை வேலூர் விடுதி அறையில் நண்பர்களோடு பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு அழகு. ஆனால் வான்கோ இறந்தது எனக்குள் எதையும் அசைக்கவில்லை. உனக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது என்கிறார்கள் நண்பர்கள். அப்பா குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்கிறார். எங்கள் வீட்டுக்கும் ஓவியத்துக்கும் தொடர்பே கிடையாது. அதனால்தான் பிடிபடவில்லையா?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நடிகர்களை வைத்துப் படம்பிடித்து, அதை அடியொற்றி 125 ஓவியர்கள் ஏறக்குறைய 65,000 சட்டகங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, 2017இல் வெளிவந்த படம் இது. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் கதை தொடங்குவதே 1891இல், வான்கோ இறந்து ஓராண்டு கழித்து. தபால்காரரின் மகன் ஒரு கடிதத்தோடு புறப்படுகிறான். சந்திக்கிறவர்கள் எல்லாரும் வான்கோவைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அவர்களுடைய நினைவில் அவரே வரும் காட்சிகளில் வண்ணம் போய்விடுகிறது. பழைய புகைப்படம்போல வழவழப்பான கறுப்பு வெள்ளை. அவருடைய மஞ்சளும் நீலமும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கே கிடைக்கின்றன! அவர் உயிரைப் பறித்த துப்பாக்கி எப்படி வெடித்தது என்ற துப்பறிதலில் படம் மூழ்கிவிடுகிறது. 27 வயதில் ஓவியமே தன் வழி என்று முடிவெடுத்து 37 வயதில் இறந்தவர், இடையில் என்ன பாடுபட்டார் என்பது ஓரமாகப் போய்விட்டது.

இன்னொன்று தூரிகைத் தடம். வான்கோவின் வயலில் கோடுகள் கதிர் வளரும் திசையில் எழும். முகத்தில் எலும்பின் வளைவைத் தொடரும். படத்தில் நொடிக்கு 12 ஓவியங்கள் மாறுவதால் சுவர், சட்டை, கன்னம் எல்லாமே ஒன்றுபோல நெளிகின்றன. கொஞ்ச நேரத்தில் கண் சலித்துவிடுகிறது.

வீட்டுக்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1884இல் நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் வான்கோ மாதக்கணக்கில் நெசவாளர்களை வரைந்தார். ஓவியம் முழுக்கத் தறிதான்; மரச்சட்டங்களுக்கு நடுவே அடைபட்டதுபோல் ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்திருப்பார். அறை சிறியது, தறியை முழுதாகப் பார்க்கப் பின்னால் நகர்வதற்கு இடமில்லை என்று தம்பி தியோவுக்கு எழுதுகிறார். தறி போட்ட வீட்டில் சுவரை ஒட்டி ஒதுங்கி நடந்து வளர்ந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நெருக்கத்தைத்தான் படத்தில் தேடியிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதங்களை ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; ஆங்கிலத்தில் படிக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நெசவாளர் ஓவியம் ஒன்றை அப்பாவிடம் காட்டுங்கள். பாவும் மிதியும் சரியாக வந்திருக்கின்றனவா என்று அவர்தான் சொல்ல முடியும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.